பெருங்குடியில் ஒரு பெருங்குடல் கதை

டிபன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள். விஷயம் அப்படிப்பட்டது. ஆனால் கட்டாயம் வந்து படியுங்கள்.

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் பெருங்குடி ஏரிப் பக்கம் நடக்கப் போனால் பேச்செல்லாம் வியாதிதான். ஒருத்தர் சர்க்கரை அளவைச் சொல்வார். இன்னொருத்தர் தனக்கு எத்தனை ஸ்டென்ட் என்பார். மூட்டு மாற்றிக்கொண்டவர் வேட்டியைத் தூக்கித் தழும்பையே காட்டுவார். ஆனால் மலம் போகிற இடத்தில் தொந்தரவு என்றால் மட்டும் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும். "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்பதோடு பேச்சு முடியும். அந்த மௌனத்தால் என் சகலை ஏறக்குறைய இரண்டு வருடம் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "என் பேரை மட்டும் போடாதீங்கண்ணே. மிச்சத்தை எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்.

சகலை என் மனைவியின் தங்கை புருஷன். எனக்கு நாலு வயது சின்னவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மலத்தோடு ரத்தமும் சளியும் போக ஆரம்பித்தபோது, நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மூலம் என்று தானே முடிவு கட்டினார். சென்னைச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து, அந்த இடத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்து கிடக்கிறது. நாட்டு மருந்துக் கடைச் சூரணம், காரம் இல்லாத சாப்பாடு, களிம்பு என்று ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை ஓட வேண்டியிருந்தது. ஓடினால் போவது ஒரு கரண்டி அளவு. வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும் போல இருக்கும். பறக்கும் ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதால் மயிலாப்பூருக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

கடைசியில் அவர் மகள் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போய் கொலோனோஸ்கோபி செய்ய வைத்தாள். மூலம் இல்லை, நல்ல வேளையாகப் புற்றும் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார் டாக்டர். தமிழில் பெருங்குடல் புண் அழற்சி என்று எழுதுகிறார்கள். பெருங்குடிக்காரனுக்குப் பெருங்குடலில் வராமல் வேறு எங்கே வரும் என்று சகலையே பின்னாளில் தமாஷ் பண்ணினார். அன்றைக்குத் தமாஷ் பண்ணும் நிலையில் அவர் இல்லை.

இந்த வியாதியில் பெருங்குடலின் உள்தோல் சிவந்து, வீங்கி, புண்ணாகி, தொட்டாலே ரத்தம் கசியும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திசை தவறித் தன் குடலைத் தாக்குவதால் வருவது. தொற்றுநோய் அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். லூதியானா மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்த ஆய்வு 2003ல் வெளிவந்தது. அங்கே லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு இது இருந்தது. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்கு இளவயதிலிருந்தே இதே வியாதி. 2007ல் பதவியை விட்டார். பிறகு மெசலசின் என்ற மருந்தால் தேறி 2012ல் மறுபடி பிரதமரானார். 2020ல் வியாதி திரும்பியபோது, இந்தக் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியே விலகினார். ஒரு நாட்டின் பிரதமரே மேடையில் சொன்ன வியாதியை நாம் வீட்டுக்குள் சொல்லக் கூசுகிறோம்.

அந்த மெசலசினைத்தான் இங்கே மெசலமின் என்றும் சொல்கிறார்கள். சகலைக்கு எழுதிக் கொடுத்ததும் அதுதான். பகலில் மாத்திரை. இரவில் படுக்கும்போது அதே மருந்து திரவமாக, 60 மி.லி. பாட்டிலில், ஆசனவாய் வழியாக. எனிமா.

ஒரே மருந்தை ஏன் இரண்டு வழியில் தர வேண்டும்? இந்த வியாதி அநேகமாக எப்போதும் மலக்குடலில், அதாவது கடைசி முனையில் தொடங்கி, விட்டுவிடாமல் தொடர்ச்சியாக மேல்நோக்கிப் பரவுகிறது. சிலருக்கு மலக்குடலோடு நிற்கும். சிலருக்கு இடது பக்கம் வரை ஏறும். சிலருக்குப் பெருங்குடல் முழுதும். வாய் வழியாகப் போட்ட மாத்திரை மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி. வழியில் இருக்கிற வயலெல்லாம் குடித்தது போக, கடைமடைக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். இந்த வியாதியிலோ பயிர் காய்வதே கடைமடையில். அதனால் கடைமடைக்காரன் தன் நிலத்திலேயே போர் போட்டுக்கொள்கிற மாதிரி, மருந்தைக் கீழேயிருந்து நேராகப் புண்ணின் மேல் ஊற்றுகிறார்கள். மலக்குடலில் மட்டும் புண் என்றால் அங்கே கரையும் சப்போசிட்டரி போதும். அதற்கு மேலே போயிருந்தால் நுரை மருந்து அல்லது எனிமா. படுத்த நிலையில் விட்ட எனிமா இடது பக்கக் குடலில் மண்ணீரல் பக்கத்து வளைவு வரை எட்டும் என்கிறார்கள். லேசான, நடுத்தர நோய்க்கு மாத்திரை மட்டும் எடுப்பதைவிட இரண்டும் சேர்ந்து எடுப்பது நன்றாக வேலை செய்யும் என்பது உலகம் முழுதும் டாக்டர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

சகலை மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். எனிமாவை முதல் நாள் இரவு ஒரே ஒரு தடவை முயன்றார். பாதி உள்ளே போனதும் பதறி எழுந்தார், எல்லாம் படுக்கையில் கொட்டியது. மருமகள் இருக்கிற வீடு. விடியற்காலையில் தானே விரிப்பை அலசிப் போட்டார். கறை போகவில்லை. அன்றோடு பாட்டில்கள் பீரோவுக்குள் போய்விட்டன.

மாதா மாதம் டாக்டரிடம் போனால், "எனிமா போட்டுக்கறீங்களா?" என்று அவர் கேட்பார். இவர் தலையை ஆட்டுவார். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், எப்படிச் சொல்வது? ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் என்ன நினைப்பார்? மாத்திரையும் கொடுத்தாயிற்று, எனிமாவும் கொடுத்தாயிற்று, கேட்கவில்லை என்றுதான் நினைப்பார். அடுத்த படியாக ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அதில் ரத்தம் குறைந்தது, சர்க்கரை 300க்கு ஏறியது, தூக்கம் போனது. அளவைக் குறைக்கும்போதெல்லாம் ரத்தம் திரும்பி வந்தது. அப்புறம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தது. வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும். அதுவும் கேட்காவிட்டால் குடலை எடுக்கும் அறுவை சிகிச்சை வரை போகலாம் என்றும் சொன்னார்.

நான் ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். கோப்பில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தால், அடுத்த மேஜைக்காரர் அதை நம்பித்தான் மேலே எழுதுவார். நடவடிக்கையே எடுக்காமல் அந்த வரி மட்டும் இருந்தால், அதற்குப் பிறகு வரும் உத்தரவுகள் எல்லாம் தப்பாகத்தான் போகும். சகலையின் கோப்பில் நடந்தது இதுதான். பீரோவில் தூங்கிய மருந்து, 'கொடுத்தும் பலனில்லை' என்று பதிவாகிவிட்டது.

என் மச்சினிதான் ஒருநாள் அழுதுகொண்டு வந்து சொன்னாள். "மாமா, எல்.ஐ.சி. பேப்பர் தேடினேன். பட்டுப்புடவைக்குப் பின்னாடி நாற்பது பாட்டில் இருக்கு. ஒண்ணையும் பிரிக்கலை. நான் கேட்டா கோவிச்சுக்கறார். நீங்க கேளுங்க."

நான் கேட்கத் தோதான ஆள்தான். காரணம் என் படிப்பு. பிறந்து வளர்ந்தது புதுச்சேரி, பள்ளிப் படிப்பு முழுதும் பிரெஞ்சில். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த வழியாக மருந்து எடுப்பது காபி குடிப்பது மாதிரி. குழந்தைக்குக் காய்ச்சலா, 'சுப்போசித்துவார்'. எனிமாவுக்கு 'லவ்மான்' என்று பெயர், கழுவுதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பிரெஞ்சு முறை படித்த டாக்டர் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். "வாய் இருக்கும்போது பின்பக்கம் எதுக்கு?" என்று என் ஆயா சண்டைக்குப் போனாள். அதே ஆயாதான், கைக்குழந்தைக்கு மலம் கட்டினால் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி அந்த இடத்தில் வைப்பவள்! (இப்போது குழந்தை டாக்டர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள்.)

பள்ளியில் மொலியேர் நாடகம் பாடம் இருந்தது. 'கற்பனை நோயாளி' என்ற அவருடைய நாடகம் 1673ல் அரங்கேறியது. முதல் காட்சியிலேயே கதாநாயகன் மருந்துக்காரன் அனுப்பிய பில்லை வைத்துக்கொண்டு, எந்த லவ்மானுக்கு எவ்வளவு காசு என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பான். வகுப்பே சிரிக்கும். அந்த வேஷத்தில் நடித்த மொலியேர் நிஜமாகவே நோயாளி. நாலாவது தடவை மேடையேறிய இரவே இறந்துபோனார். அன்றிலிருந்து எனக்கு எனிமா என்றால் கூச்சம் வராது, நாடகம்தான் ஞாபகம் வரும்.

நம் மரபிலும் இது புதிதல்ல. ஆயுர்வேதத்தில் வஸ்தி, சித்தத்தின் புற மருத்துவத்தில் பீச்சு. காந்தி எனிமாவில் பெரிய நம்பிக்கை வைத்திருந்தவர். அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் ஆணியில் தொங்கிய எனிமா கேனும், ரப்பர் குழாயும், சோப்புத் தண்ணீரும் நம் வயதுப் பெண்களுக்கு மறந்திருக்காது. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் குடலைக் கழுவி வெளியேற்றுவதற்கு. சகலைக்குக் கொடுத்தது உள்ளேயே தங்க வேண்டிய மருந்து. இந்த ஒரு வித்தியாசம் புரியாமல்தான் பலர், 'எனிமாதானே, வெளியே வந்தால் என்ன' என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த மருந்து பிறந்த கதையும் சுவையானது. ஸ்டாக்ஹோமில் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர் மூட்டுவாதத்துக்காக ஒரு மருந்தை உருவாக்கினார். சல்பா ஒரு பாதி, ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்து மறுபாதி, இரண்டையும் ஒட்டவைத்த சல்பாசலசின். அது பெருங்குடல் புண்ணுக்கும் கேட்கிறது என்று 1940களில் எழுதினார். எந்தப் பாதி வேலை செய்கிறது என்பது பல வருடம் தெரியவில்லை. 1977ல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ் என்ற பெரிய டாக்டரும், இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த ஆசாத் கானும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். முழு மருந்தை ஒரு குழுவுக்கும், ஒவ்வொரு பாதியையும் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார்கள். சல்பா பாதி அநேகமாக ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பிரின் உறவுக்காரப் பாதி முழு மருந்துக்குச் சமமாக வேலை செய்தது. அந்தப் பாதிதான் மெசலமின். அவர்கள் அந்தச் சோதனையை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? எனிமாவாகக் கொடுத்துத்தான். இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே பின்வாசல் வழியாகத்தான்.

இதையெல்லாம் சகலையிடம் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார். பிறகு நான் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, நாளைக்கே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், மகள் வெளியே இருக்கட்டும், நான் கூட வருகிறேன். இரண்டு, போடும் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

டாக்டர் கோபிப்பார் என்று பயந்தார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, "நல்ல வேளை, ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். ஆறு வாரம் எனிமாவை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம், ஊசி அப்புறம் என்றார். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார். அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் படுக்கும் விதத்தைக் கட்டிலில் படுத்தே காட்டினார். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த சீட்டை நான் பூதக்கண்ணாடி வைத்து, அரசாணை படிப்பது போல வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். நாங்கள் கற்றதைக் கீழே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதும் பெட்டியில் உள்ள சீட்டும்தான் முதல் சாட்சி. என்னுடையது வெறும் நகல்.

முதலில் ஆயத்தம். படுக்கப் போகும் நேரம்தான் சரி. சிறுநீரும் மலமும் கழித்துவிட்டு வர வேண்டும். குடல் காலியாக இருந்தால்தான் மருந்து புண்ணைத் தொடும், தங்கவும் செய்யும். கட்டிலில் பழைய துண்டு, அதன் கீழே ரப்பர் ஷீட். இந்த மருந்து துணியில் மட்டுமல்ல, கிரானைட், மார்பிள் தரையிலும் கறை விடும், அதனால் பாத்ரூம் மேடையில் வைத்துத் திறக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தண்ணீர்தான் போகும். திரவம் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். உறை பிரித்த பின் லேசாக நிறம் மாறினால் பரவாயில்லை, கரும்பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். சகலையின் பீரோவில் இருந்ததில் காலாவதியானதையும் கறுத்ததையும் கழித்துக் கட்டினோம். மருந்து சில்லென்று இருந்தால் குடல் சுருங்கி உடனே தள்ளிவிடும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும். அடுப்பிலோ கொதிநீரிலோ காட்டக் கூடாது.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடது கால் நேராக, வலது கால் மடக்கி வயிற்றை நோக்கி. குடலின் கடைசிப் பகுதி இடது பக்கம் இருப்பதால், இப்படிப் படுத்தால் திரவம் தானாக உள்ளே இறங்கும். நின்றுகொண்டோ கழிப்பறையில் உட்கார்ந்தோ போடக் கூடாது. சகலை முதல் நாள் கட்டிலில் உட்கார்ந்தபடி போட்டிருக்கிறார், கொட்டாமல் என்ன செய்யும்? மூடியைக் கழற்றி, முனையில் வழவழப்பு ஜெல் கொஞ்சம் தடவுங்கள். மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே முனையை மென்மையாக, தொப்புளை நோக்கிய சாய்வில் உள்ளே விடுங்கள். தடுத்தால் அழுத்தித் தள்ளாதீர்கள். நிறுத்தி, சாய்வை மாற்றிப் பாருங்கள். வலித்தாலோ புதிதாக ரத்தம் வந்தாலோ அன்றைக்கு விட்டுவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

பாட்டிலை நிதானமாக, ஒரே சீராக அமுக்க வேண்டும். அமுக்கிய பிடியைத் தளர்த்தாமலே முனையை வெளியே எடுக்க வேண்டும், தளர்த்தினால் மருந்தைத் திரும்ப உறிஞ்சிவிடும். அப்படியே குறைந்தது அரை மணி நேரம் படுத்திருங்கள். முடிந்தால் இரவு முழுதும் உள்ளேயே தங்கட்டும். முதல் சில நாள் அடக்க முடியாமல் வந்துவிடலாம். அதற்காக உடனே இன்னொரு பாட்டில் போடக் கூடாது. புண் ஆற ஆற, தாங்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். சகலைக்கு முதல் வாரம் இருபது நிமிடம், மூன்றாவது வாரம் விடியும் வரை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு போட வேண்டாம்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. நடுராத்திரி அவசரமாக எழுந்து ஓடி வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சின்ன விளக்கு எரியட்டும், வழியில் மிதியடி, நாற்காலி வேண்டாம், தரை உலர்ந்திருக்கட்டும்.

சப்போசிட்டரி போடுகிறவர்களுக்கு: உறையை முழுக்கப் பிரித்துவிட்டுப் போடுங்கள், வெட்டாதீர்கள், கூர்முனை முன்னால் போக விரல் நுனியால் தள்ளி, ஓரிரு மணி நேரமாவது தங்கவிடுங்கள். சென்னைக் கத்திரி வெயிலில் அது இளகிவிடும். இளகியிருந்தால் உறையோடு சிறிது நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கிய பிறகு பிரியுங்கள். எனிமா பாட்டிலை உறைய விடக் கூடாது. எதை எங்கே வைப்பது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அவசியம் சொல்ல வேண்டும், இது அதே குடும்பம். ஆஸ்துமாவோ சல்பைட் ஒவ்வாமையோ இருந்தால் சொல்லுங்கள், சில எனிமாக்களில் சல்பைட் சேர்க்கிறார்கள். சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள். இல்லாதவர்களுக்கும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. மூட்டுவலிக்குக் கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் ஆகாது, குடல் புண்ணையும் கிளறலாம். மருந்து தொடங்கிய பிறகு வயிற்றுப் பிடிப்பு, காய்ச்சல், தலைவலி, தடிப்பு, பேதி அதிகமாவது என்று வந்தால், வியாதி முற்றுகிறது என்று நினைத்து மருந்தைக் கூட்டாதீர்கள். அது மருந்து ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம், நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்கவே கூடாது.

கடையில் 'எனிமா' என்று மட்டும் கேட்காதீர்கள். மலச்சிக்கலுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமா வேறு சரக்கு. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது உடம்பின் உப்புக் கணக்கையே புரட்டிவிடக் கூடும். சீட்டைக் காட்டி வாங்கி, பெட்டியின் மேல் மெசலமின் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு எனிமாவும் உண்டு. மலப் பரிசோதனை செய்து அமீபா மாதிரி கிருமி இல்லை என்று தெரியாமல் ஸ்டீராய்டு போடுவது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று இரவல் வாங்கிப் போடவே கூடாது. புண்ணுள்ள குடலில் வீட்டுக் கஷாயத்தை எனிமாவாக ஏற்றுவதும் வேண்டாம்.

எந்த நிலையில் வீட்டு வைத்தியமும் எனிமாவும் போதாது என்பதற்கு ட்ரூலவ் 1955லேயே ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, 90க்கு மேல் நாடித் துடிப்போ, ரத்தச் சோகையோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வசதியில்லை என்று தயங்க வேண்டாம். ஸ்டான்லியிலும் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலும் குடல் நோய்க்குத் தனித் துறையே இருக்கிறது.

சகலைக்கு மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. ரத்தம் நின்றதும் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டார். கூடாது என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரிவது நின்றாலும் உள்தோல் ஆறியிருக்காது. ஸ்டீராய்டு மாத்திரையையும் திடீரென்று நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்துத்தான் விட்டார்கள். சர்க்கரை இறங்கியது. இப்போது மாத்திரையோடு வாரத்தில் மூன்று இரவு எனிமா. ஊசிப் பேச்சு இப்போதைக்கு இல்லை. வியாதி தொடங்கி எட்டு வருடம் ஆனால் புற்று இருக்கிறதா என்று அவ்வப்போது கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தேதியைக் காலண்டர் அட்டையின் பின்னால் குறித்து வைத்திருக்கிறார், அவரிடமும் ஒரு குமாஸ்தா இருக்கிறான்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் போட்டும் கேட்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊசியும், அறுவை சிகிச்சையும் உயிர் காக்கும் வழிகள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் மருந்து கேட்கவில்லை என்பதும், மருந்து போடவில்லை என்பதும் டாக்டரின் மேஜையில் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று சொல்ல நோயாளி ஒருவரால்தான் முடியும்.

வீட்டில் யாருக்காவது இந்த மருந்து எழுதியிருந்தால், "போட்டியா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். அவருக்கு ஒரு தனி அறை, பழைய துண்டு, அரை மணி நேரம் யாரும் கதவைத் தட்டாத அமைதி, இவற்றைக் கொடுங்கள். மனைவியோ, மகனோ, என்னைப் போல ஒரு சகலையோ, முதல் இரண்டு நாள் கூட இருந்தால் போதும். மூன்றாம் நாள் அவரே, "நீங்க போய்த் தூங்குங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார்.